ஓனரம்மா

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஊரான புளியறையில் யாராவது வாசித்துவிட்டு அவர் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லலாம். எங்கள் பயிற்சி வகுப்பில் எல்லோரும் அவரை ஓனரம்மா என்று கூப்பிட்டார்கள். அதுவே இருக்கட்டும்.

நான் கால்நடை மருத்துவர். இப்போது நியூசிலாந்தின் தென்பகுதியில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஓர் ஊரில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கீழே ஐந்து மருத்துவர்கள். மாடு பிழைக்காது என்று பண்ணைக்காரரிடம் சொல்லவேண்டி வந்தால் என்னைத்தான் முன்னால் அனுப்புவார்கள். பக்குவமாகச் சொல்வேன் என்று எனக்குப் பெயர். சொல்லி முடித்த பிறகு எதிரில் நிற்பவர் என்னைப் பார்ப்பார். அந்தச் சிறிய இடைவெளியில் அங்கே ஓனரம்மா நிற்பதுபோல் இருக்கும். இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து. எதையோ கேட்கப்போகிறார் என்று தோன்றும். பண்ணைக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

குற்றாலத்தில் சாரல் முடிந்ததும் விடுதிகள் வெறிச்சோடிவிடும். அப்படி ஒரு விடுதியின் மாடியை ஜாபரும் நானும் வாடகைக்கு எடுத்தோம். ஜாபர் என்னோடு கல்லூரியில் படித்தவன். கடையநல்லூர்க்காரன். வளைகுடாவில் வல்லூறுகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். வெளிநாடு போக நினைக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும், புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கும் பயிற்சி கொடுப்பது எங்கள் திட்டம். முதல் குழுவில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். அறைச் சுவர்களில் ஈரம் பூத்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் கூட்டம் இல்லாத அருவியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டில் மருத்துவராகப் பதிய வேண்டுமானால் அந்த நாட்டுத் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை நம் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். ஊசி போடுவது, அறுவை செய்வது, அதிலும் குறை இருக்காது. ஓர் அறையில் மட்டும் விழுவார்கள். அந்த அறையில் விலங்கே கிடையாது. நாற்காலியில் ஒரு நடிகர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் நாயின் சொந்தக்காரர், அல்லது மாட்டின் சொந்தக்காரர். அவரிடம் பத்து நிமிஷம் பேச வேண்டும். உங்கள் நாய் பிழைக்காது என்று சொல்ல வேண்டும், தவறு நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். நான் முதல் தடவை போய்த் தோற்றது அந்த அறையில்தான். பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டே நானும் இரண்டாம் தடவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

ஓனரம்மா அந்த விடுதியில் அறை பெருக்கித் துடைக்க வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். புளியறையிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பி, செங்கோட்டையில் மாறி வருவார். முதல் வாரத்தில் ஒரு நாள், திருவேங்கடத்திலிருந்து வந்திருந்த முருகேசன் என்ற மாணவன் சுவரைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். அவர் துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

“யக்கா, ஒரு நிமிஷம் இந்தச் சேர்ல உக்காருதியளா? நான் டாக்டர். ஒங்க நாய் செத்துப்போச்சு. அத நான் ஒங்ககிட்டச் சொல்லணும்.”

“எங்கிட்ட நாய் கெடையாதே தம்பி.”

“இருக்கிற மாதிரி வச்சுக்கிடுங்க.”

“இல்லாதத இருக்குன்னு எப்பிடிச் சொல்ல?” கொஞ்சம் யோசித்தார். “மாடு இருந்துச்சு.”

“சரி, மாடு.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். முருகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மா, நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணினோம். ஒங்க மாட்டக் காப்பாத்த முடியல. ரொம்ப வருத்தமா இருக்கு” என்றான்.

அவர் அவனையே பார்த்தார். பிறகு கேட்டார். “நீங்க வந்து பாத்தியளா?”

முருகேசன் திரும்பி எங்களைப் பார்த்தான். பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜாபர் என் பக்கம் திரும்பி, “நமக்கு ஆளு கெடச்சாச்சு” என்றான்.

அன்றிலிருந்து காலையில் பெருக்கும் வேலை, பதினோரு மணிக்கு மேல் எங்கள் நாற்காலியில் உட்காரும் வேலை என்று ஆயிற்று; ஓனரம்மா என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. மாணவர்கள் முதலில் தமிழில் பேசிப் பழகினால் ஆங்கிலத்தில் தானாக வரும் என்பது ஜாபரின் எண்ணம். ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அட்டை இருக்கும். நீங்கள் இன்னார், உங்கள் விலங்கு இன்னது, அதற்கு நேர்ந்தது இது என்று அதில் எழுதியிருக்கும். நாங்கள் அவருக்குப் படித்துக் காட்டுவோம். அவர் கவனமாகக் கேட்டுக்கொள்வார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் அட்டையில் இருப்பது வராது. அவருக்கு இல்லாததைச் சொல்லத் தெரியாது. அதுதான் அந்த மனுஷி. நடிக்கத் தெரியாத ஒருவரைத்தான் நாங்கள் நடிகராக வைத்திருந்தோம்.

எலி மருந்து தின்ற நாய் என்று அட்டை சொல்லும். அவர், “முந்துன நாள் சாயங்காலம் வரைக்கும் அசை போட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்துச்சு” என்பார். பந்தயக் குதிரைக்குக் கால் முறிந்துவிட்டது என்று அட்டை சொல்லும். அவர், “கொட்டில்ல தண்ணி ஒழுகும். அதனால அடுப்பங்கரைச் சொவரோரமா கெட்டியிருந்தேன்” என்பார். ஒரு பெண், கூண்டில் வளர்த்த கிளி இறந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டு, “எடது காது அதுக்குக் கிழிஞ்சிருக்கும். முள்ளுக்கம்பியில பட்டது” என்றார். கிளிக்குக் காதா என்று வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, “அது எந்நேரமும் அந்தக் காத ஆட்டிக்கிட்டே நிக்கும்” என்று முடித்தார்.

ஆனாலும் பலன் இருந்தது. பொய்யான இரக்கம் அவரிடம் எடுபடாது. ‘பரிசோதனை முடிவுகளின்படி’ என்று ஆரம்பிக்கிறவர்களிடம், “அது கெடக்கட்டும், நீங்க வந்து பாத்தியளா?” என்பார். அந்த இடத்தில் ஒருத்தி அழுதேவிட்டாள். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் பேச்சு மாறியது. மனப்பாடமாகப் பேசுவது குறைந்தது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள்.

தலைமைப் பண்பு பற்றிய வகுப்பை ஜாபர் எடுப்பான். நாளைக்கு நீங்கள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாவீர்கள், உங்களுக்குக் கீழே இருப்பவர் தவறு செய்தால் அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, ‘எங்களால் தவறு நடந்துவிட்டது’ என்று நீங்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். தேநீர்த் தட்டோடு வந்த ஓனரம்மா கதவருகே நின்று கேட்டார்.

“எங்களாலன்னா யாரால சார்?”

“ஆஸ்பத்திரில இருக்கிற எல்லாரும் சேந்துதான்.”

“எல்லாரும் சேந்தா போன எடுத்தாவ? ஒருத்தர்தான எடுத்தாவ.”

மாணவர்கள் சிரித்தார்கள். ஜாபர் கையை விரித்தான். நான் கடைசி வரிசையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தேன். போன் என்ற சொல் அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் வந்தது.

அதன் பிறகு அவர் பேசும்போது நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்று என்று வந்தது. நாயாகவும் குதிரையாகவும் கிளியாகவும் வந்ததெல்லாம் ஒரே மாடு. அடுப்பங்கரைச் சுவரோரம் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு மூட்டை இருந்தது. மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டது. மத்தியானத்துக்கு மேல் இடது வயிறு உப்பியது. வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. முருகேசனிடம் அவர் ஒரு நாள் சொன்னார்: “டாக்டரம்மா வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னாவ. வழி தெரியாமப் போயிரக் கூடாதேன்னு நான் ரோட்டுல போயி நின்னேன். பஸ்ஸு பஸ்ஸாப் பாத்தேன்.”

நான் மதிப்பெண் தாளை மடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனேன்.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன், புளியறையை ஒட்டி, கேரள எல்லைப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் தற்காலிக மருத்துவராக இருந்தேன். வெளிநாட்டு நினைப்பு வந்திருந்த காலம். தென்காசியில் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தேன். அன்றைக்கு மாதிரித் தேர்வு. மத்தியானமே மருந்தகத்தைப் பூட்டி, கதவில் என் போன் நம்பரை எழுதி ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். தேர்வு தொடங்குவதற்கு முன் ஒரு பெண் கூப்பிட்டார். மாட்டுக்கு வயிறு உப்பியிருக்கிறது என்றார். கால் லிட்டர் கடலை எண்ணெயை மெதுவாகப் புகட்டச் சொன்னேன். வந்துகொண்டே இருக்கிறேன் என்றும் சொன்னேன். எச்சில் ஒழுகுவதையும் அவர் சொன்னார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகினால் தொண்டைக்குக் கீழே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் வருஷ மாணவனுக்குத் தெரியும். அந்த நிலையில் எண்ணெய் புகட்டினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு மருத்துவர் போயிருந்தால் இடது விலாவுக்குப் பின்னால் குழாய் குத்தி வாயுவை வெளியே விட்டிருப்பார். ஐந்து நிமிஷ வேலை. அந்தக் கருவி என் பையில் இருந்தது. பை தேர்வு அறையில் என் மேஜைக்கு அடியில் இருந்தது.

இரண்டாம் தடவை கூப்பிட்டபோது பாதி வழியில் இருக்கிறேன் என்றேன். மூன்றாம் தடவை எடுக்காமல் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். பிறகு அழைப்பு வரவில்லை. சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எளிதாக இருந்தது.

ஓனரம்மாவுக்கு என்னைத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் முகத்தை அவர் பார்த்ததில்லை. மருந்தகத்தில் நான் இருந்ததும் நாலு மாதம்தான். காட்சி நேரங்களில் வேறு வேலை வைத்துக்கொண்டேன். மாடிப்படியில் எதிரே வந்தால் போனைப் பார்த்தபடி ஒதுங்கினேன். அவர் எப்போதும்போலச் சிரிப்பார். “சாப்பிட்டியளா டாக்டரம்மா” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். “மேடம், நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.” ஜாபரும் சேர்ந்துகொண்டான். மறுக்க வழியில்லை. முருகேசன் அட்டையை எடுத்துப் படித்தான். வயதான பூனை, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, இரவுக்குள் இறந்துவிடும். ஓனரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

நான் நன்றாகவே செய்தேன். குரலைத் தாழ்த்தினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். “இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியுது. உங்களால முடிஞ்சதெல்லாம் நீங்க செஞ்சிருக்கீங்க. நான் உங்ககூடவே இருக்கேன்” என்றேன். அவர் பூனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாட்டைப் பற்றியும் சொல்லவில்லை. வந்து பார்த்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நல்லாச் சொல்லுதிய டாக்டரம்மா. அன்னைக்குப் போன்லயும் இப்பிடித்தான் நல்லாச் சொன்னிய.”

அதைக் காட்சி என்று நினைத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜாபரும் தட்டினான். நானும் சிரித்துவைத்தேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் எல்லோரும் அருவிக்குப் போன பிறகு, அவர் மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“நீங்க இங்க வந்த அன்னைக்கே. யாருட்டயோ போன்ல, வந்துக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கேன்னிய. ஒங்க மொகந்தான் தெரியாது. சத்தம் தெரியும்லா.”

“ஏன் கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவியளோன்னு பாத்தேன். ஒங்களுக்கு அது ஞாவகமே இல்லன்னு பொறவு தெரிஞ்சுது.” துணியை வாளியில் பிழிந்தார். “ஒண்ணு கேக்கணும். நீங்க வந்திருந்தியன்னா பொழச்சிருக்குமா?”

அதற்கு எங்கள் பாடத்தில் ஒரு வாக்கியம் உண்டு. ‘உறுதியாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு விலங்கும் வேறு.’ பொய் இல்லாத வாக்கியம். யாரையும் குற்றவாளி ஆக்காத வாக்கியம். பிள்ளைகளுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். அது என் நாக்கு நுனியில் இருந்தது. அவர் துணியைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

“பொழச்சிருக்கும்” என்றேன். “எண்ணெ புகட்டச் சொன்னதும் தப்பு. எச்சில் ஒழுகுதுன்னு சொன்னீங்கல்ல, அத நான் கேட்டிருந்தா புகட்டச் சொல்லியிருக்க மாட்டேன்.”

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அருவிச் சத்தத்தைக் கேட்பதுபோல் இருந்தார்.

“அப்போ கெழங்கு இல்ல.”

“கெழங்குதான் அடைச்சது. ஆனா அதனால சாக வேண்டியதில்ல.”

“அவுக என்னையத்தான் சொல்லுதாவ” என்றார். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கொல்லம் பக்கம் போய்வருவார். மாடு செத்த அன்று வீட்டில் இல்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தவர், கிழங்கு மூட்டையைச் சரியாகக் கட்டி வைக்காமல் மாட்டைக் கொன்றுவிட்டாய் என்றாராம். அதோடு நிற்கவில்லை. சோறு குழைந்தால், குழாயை மூட மறந்தால், மகளுக்குக் காய்ச்சல் வந்தால், “மாட்டக் கொன்னவதானட்டி நீ” என்பது வீட்டுப் பேச்சாகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எண்ணெய ஊத்துனது நாந்தான. ஊத்துன ஒடன அது என்னையப் பாத்துச்சு டாக்டரம்மா.” வாளியைத் தள்ளி வைத்தார். “இப்பச் சொன்னியள்ளா, இத அவுக முன்னாடி வந்து சொல்லுவியளா?”

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே அவரோடு பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் என் விண்ணப்பம் போயிருந்தது. என்மேல் எந்தப் புகாரும் இல்லை என்று மாநிலத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால்தான் நான் இரண்டாம் தடவைத் தேர்வுக்குப் போகவும் வெளிநாட்டில் பதியவும் முடியும். அவர் கணவர் கோபத்தில் ஒரு புகார் எழுதிப் போட்டால் கடிதம் வராது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

“கடுதாசி வரட்டும். வந்த ஒடனே கண்டிப்பா வாரேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் போனில் சொன்னதுபோலவே இதுவும் கேட்டிருக்கும் என்று எனக்கே அப்போது தோன்றியது.

“சரி” என்று எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடிதம் வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவர் வந்தார். பெருக்கினார், நாற்காலியில் உட்கார்ந்தார், பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும் என் அறை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். நான் நிமிர்ந்து, இன்னும் வரவில்லை என்று தலையசைப்பேன். போய்விடுவார். சில நாள் அவர் காலடி படியில் இறங்கிப் போன பிறகும் வாசலில் யாரோ நிற்பதாகத் தோன்றும். எழுந்துபோய்ப் பார்ப்பேன். ஈரத் தரைதான் இருக்கும்.

கடிதம் வந்த அன்று அவர் வந்து நின்றபோதும் நான் தலையசைத்தேன். இல்லை என்று. மறுநாளும் அப்படியே. பையில் கடிதம் இருந்தது. மூன்றாம் நாள் ஜாபர் எல்லோர் முன்னாலும், “மேடத்துக்கு லெட்டர் வந்து ரெண்டு நாளாச்சு, ஸ்வீட் எங்க?” என்று கேட்டுவிட்டான். ஓனரம்மா அப்போது தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அடுக்குவதை நிறுத்தவும் இல்லை.

“ஞாயித்துக்கெழம அவுக வீட்டுல இருப்பாவ” என்று போகும்போது சொன்னார்.

விமானத்துக்கு நாலு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் புளியறைக்குப் போனேன். சோதனைச்சாவடியில் கேரளா போகிற லாரிகள் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு சந்தில் அவர் வீடு. வீட்டுக்காரர் முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். “இருங்க டாக்டரம்மா. இவ ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பா. வெளிநாடு போறியளாம்லா” என்றார். நல்ல மாதிரியாகப் பேசினார். அவரே கடையில் போய் வடை வாங்கிவந்தார். அடுப்பங்கரைச் சுவரோரம் மாடு கட்டியிருந்த முளைக்குச்சி இருந்தது. அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். ஓனரம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நல்ல சேலை உடுத்தியிருந்தார்.

நான் சொன்னேன். எந்தப் பக்குவமும் இல்லாமல் சொன்னேன். அன்றைக்கு உங்கள் மனைவி போனில் கூப்பிட்டது என்னைத்தான், நான் வருவதாகப் பொய் சொன்னேன், எண்ணெய் புகட்டச் சொன்னது என் தவறு, நான் வந்திருந்தால் உங்கள் மாடு பிழைத்திருக்கும், உங்கள் மனைவி மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றேன். சொல்லி முடித்ததும் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார்.

“எந்த மாடு? அந்தச் செவலையா?” பிறகு சிரித்தார். “இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்திய? அது எந்தக் காலத்துக் கத. ஒரு மாடு செத்ததுக்கு யாரு யாரக் குத்தம் சொல்ல? நான் இவள ஒண்ணும் சொன்னதில்லையே.”

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

“ஏட்டி, அந்த மாட்டுக்கு நான் ஒன்ன ஏதாச்சும் சொன்னேனா?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. மிரட்டவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. இரண்டு வருஷமாகத் தினம் ஒரு தரம் சொன்னது அவர் வாயில் ஒரு பழக்கமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் முகத்தில் ஒரு சின்ன வியப்பு மட்டும் இருந்தது.

ஓனரம்மா நிலையிலிருந்து நிமிர்ந்தார். நாய் இல்லாமல் நாய் இருக்கிறது என்று சொல்லாதவர். கிளிக்குக் காது வைத்தவர். அவர் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இல்ல” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. புகார் வராது, வந்த வேலை முடிந்தது என்ற நிம்மதி. நான் வாயைத் திறந்திருக்கலாம். சொன்னீர்கள், கல்யாண வீட்டில்கூடச் சொன்னீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தேன். “டாக்டரம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று ஓனரம்மா செருப்பை மாட்டினார்.

மெயின் ரோடு வரைக்கும் கூட வந்தார். பேசவில்லை. வெயில் இருந்தும் மலைப் பக்கத்திலிருந்து தூறல் விழுந்தது. லாரி டிரைவர்கள் ஹோட்டல் வாசலில் பரோட்டாவுக்குக் காத்து நின்றார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது நான்தான் கேட்டேன்.

“ஏன் இல்லன்னு சொன்னீங்க?”

அவர் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். “நீங்க போயிருவிய டாக்டரம்மா” என்றார். “நான் இங்கனதான இருக்கணும்.”

செங்கோட்டை பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து வெளியே பார்த்தேன். அவர் ரோட்டைக் கடந்திருந்தார். நிற்கிற லாரிகளுக்கு இடையில், நனைந்துகொண்டு, அவசரம் இல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.